அடுத்த பாட்டை யார் போட்டது?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நம் சங்கத்தின் பராமரிப்புக் கட்டண வசூலை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். 340 ரூபாய் டேலி ஆகவில்லை. 38 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது புதிதல்ல. ஆனாலும் டேலி ஆகாமல் படுத்தால் தூக்கம் வராது. மேசை ஓரத்தில் கைபேசியில் டி.கே. பட்டம்மாள் பாடிக்கொண்டிருந்தார். நான் போட்டது அந்த ஒரு பாட்டு மட்டும்தான். அதற்குப் பிறகு என்ன வர வேண்டும் என்பதை இணைய வானொலிச் செயலியே முடிவு செய்துகொள்ளும். பட்டம்மாளுக்குப் பின் டி. பிருந்தா வந்தார். அதன்பின் ஒரு வீணை. அதன்பின் ஒரு நரம்பு வாத்தியம். வீணையும் இல்லை, சந்தூரும் இல்லை. மழை விட்டபின் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் சொட்டுமே, அப்படி ஒரு சத்தம். பேனாவை வைத்துவிட்டேன்.

வாத்தியத்தின் பெயர் கோரா. மேற்கு ஆப்பிரிக்காவினுடையது. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, தோல் போர்த்தி, 21 நரம்பு கட்டியது. வாசித்தவர் மாலி நாட்டுத் துமானி டியாபாட்டே. நம் நாகசுரக்காரர்களைப் போலத் தலைமுறை தலைமுறையாக வாத்தியமே தொழிலாக இருந்த குடும்பத்தில் பிறந்தவர், 2024இல் காலமானார். அவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும் நானும் இருந்திருக்கிறேன், பெயரைக் கூடக் கேட்டதில்லை. அன்று மூன்று முறை கேட்டேன். (340 ரூபாய் மறுநாள் காலையில் கிடைத்துவிட்டது. ஒருவருடைய இருசக்கர வாகன நிறுத்தக் கட்டணத்தை நானே வேறு தலைப்பில் எழுதியிருந்தேன்.)

மாலி நாட்டு வித்வானைத் திருப்பருத்திக்குன்றத்துக் குமாஸ்தாவுக்கு அறிமுகம் செய்து வைத்தது யார்? மனிதர் யாரும் இல்லை. கை வேலையில் இருக்கும்போது காது மட்டும் சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்குள் எது போக வேண்டும் என்று வேறு யாரோதான் எப்போதும் முடிவு செய்கிறார்கள். இதுவரை யார் யார் முடிவு செய்தார்கள் என்று யோசிக்கத் தொடங்கியதில் வந்தது இந்தக் கட்டுரை.

நம் குடியிருப்பிலிருந்து நடந்தே போகக்கூடிய வர்த்தமானர் கோயிலைப் பலர் பார்த்திருப்பீர்கள். திரைலோக்கியநாதர் கோயில் என்றும் சொல்வார்கள். ஓவியங்களைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்போமே, அந்த மண்டபத்தின் பெயரே சங்கீத மண்டபம். விஜயநகர அரசின் தளபதி இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387-88இல் கட்டியது. 600 வருடங்களுக்கு முன்பே நம் ஊரில் பாட்டுக்கென்று ஒரு கூடம் இருந்திருக்கிறது. அங்கே எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்பது கேட்பவர் விருப்பம் அல்ல. கோயில் வைத்ததுதான் நேரம், கோயில் வைத்ததுதான் பாட்டு. கேட்க வேண்டுமானால் கை வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை காலத்திலும் அப்படித்தான். 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர், லயத்தில் புலி. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துக்கொண்டு பாடியவர். அதை 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்பார்கள், கோர்ட்டில் பல நீதிபதிகள் சேர்ந்து உட்காருவது போல. காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராஜர் உற்சவம் நடத்தினார். அந்தக் கச்சேரிகளுக்குப் போன சிறுமிகளில் ஒருவர் 1919இல் இதே ஊரில் பிறந்த பட்டம்மாள். கேட்ட கிருதி மறப்பதற்குள் வீட்டுக்கு ஓடி, தம்பிகளின் துணையோடு எழுதி வைத்துக்கொள்வாராம். திரும்பக் கேட்க வழி இல்லாத காலத்தில் அப்படித்தான் புதுப்பாட்டைப் பிடித்து வைக்க முடிந்தது. அந்தப் பட்டம்மாளே பிறகு வானொலிப் பாடகி ஆனார். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு சென்னை வானொலியில் பாரதியாரின் விடுதலைப் பாட்டைப் பாடியவர் அவர்தான். ஊரில் நூறு பேர் கேட்ட குரலை நாடு கேட்டது.

சென்னையில் வானொலி வந்த கதை சுருக்கமானது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் 1924இல் ஒரு ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பினார்கள். காசு போதாமல் 1927இல் மூடினார்கள். அந்தக் கருவியை வாங்கிக்கொண்டு மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. பிறகு ஊர் ஊராகப் பஞ்சாயத்து ரேடியோ. இதில் தேர்ந்தெடுத்தது சர்க்கார்.

இனி என் பெரியப்பா.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டில் குழித்தறி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அங்கே தார் சுற்றும் வேலை. அவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேல் மாடத்தில் ஒரு மர்பி ரேடியோ. வால்வு செட் என்பதால் திருகியவுடன் பேசாது, சூடாக ஒரு நிமிடம் வேண்டும். வருடம் ஒரு முறை தபால் ஆபீஸில் 15 ரூபாய் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவது என் பொறுப்பு. பிற்காலத்தில் பி.காம். படித்து வங்கிக்குப் போனவனுக்கு முதல் பணப் பரிவர்த்தனை அதுதான் என்று நினைக்கிறேன். 1980களில் அந்த லைசென்ஸே ஒழிந்துபோனது.

தறியில் இருப்பவர் ஸ்டேஷன் மாற்ற முடியாது. குழியிலிருந்து எழுந்து வர வேண்டும், ஊடை நிற்கும், கூலி நிற்கும். ஆகவே வருவதைக் கேட்க வேண்டியதுதான். இதை வைத்துப் பார்த்தால் ரேடியோவில் யார் எதைப் போட்டார்கள் என்பது நெசவாளர் வீட்டில் சின்ன விஷயமாக இருந்ததில்லை.

அங்கேதான் பி.வி. கேஸ்கர் வருகிறார். 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். சினிமாப் பாட்டுகளுக்கான நேரத்தைக் குறைத்தார். பாட்டை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகிறது என்று அதையும் நிறுத்தச் செய்தார். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு பாட்டு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். சினிமாப் பாட்டு ஆகாஷ்வாணியிலிருந்து ஏறக்குறையக் காணாமல் போயிற்று.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக ஆங்கிலேயர்கள் கொழும்புக்கு அருகே நிறுவிய சக்தி வாய்ந்த ஒலிபரப்புக் கருவிகள் போருக்குப் பின் இலங்கை அரசுக்குக் கிடைத்தன. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. தமிழில் மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். காலையில் 'பொங்கும் பூம்புனல்'. நம் சினிமாப் பாட்டைக் கடல் தாண்டிய அந்த அழகுத் தமிழில்தான் நாம் கேட்டோம். காஞ்சிபுரம் வரைக்கும் வரும்போது இரைச்சலும் கூடவே வரும். பெரியப்பா அதை "கடல் சத்தம்" என்பார். நான் ரொம்ப நாள் நிஜமாகவே கடல் சத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கேஸ்கரைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அதே கேஸ்கர் 1952இல் தேசிய இசை நிகழ்ச்சியையும் தொடங்கி வைத்தார். சனிக்கிழமை இரவு நாடு முழுவதும் ஒரே கச்சேரி. தீபாவளிச் சேலைகளை முடிக்கப் பெரியப்பா ராத்திரியிலும் தறியில் இருக்கும் நாட்களில் அது ஓடும். பிஸ்மில்லா கானின் ஷெனாயை நான் அப்படித்தான் முதலில் கேட்டேன். "நாகசுரத்துக்குத் தம்பி போல இருக்குது" என்றார் பெரியப்பா. அவர் எந்த சபாவுக்குள்ளும் கால் வைத்ததில்லை. டிக்கெட் வாங்கிக் கச்சேரி கேட்டதில்லை. ஆனால் ஆலாபனை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் "இது கல்யாணிடா" என்பார். சர்க்கார் விரும்பாத பாட்டை இலங்கையிலும், தான் விரும்பியிராத பாட்டைச் சர்க்காரிடமும் அவர் கேட்டார். கேட்கப் போய்த்தான் இரண்டும் பிடித்தது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் ஸ்டேஷன் பெரியப்பா கையில்தான் இருந்தது. பெரியம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. அடுப்பங்கரையில் இருந்தபடி வந்ததைக் கேட்டார். இன்று யோசித்தால் எனக்கும் தெரியவில்லை.

வேலையும் பாட்டும் சேர்ந்த கதை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. யுத்தகாலத்தில், 1940 ஜூன் 23 அன்று, ஆயுதத் தொழிற்சாலைகளில் அலுப்புத் தெரியாமல் இருக்க பிபிசி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. தினம் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். 1967 வரை ஓடியது. என்ன போடலாம் என்பதற்குக் கறாரான விதிகள் இருந்தன. தூக்கம் வரவைக்கும் மெதுவான பாட்டு கூடாது, சத்தம் திடீரென்று ஏறி இறங்கக் கூடாது. ஒரு அமெரிக்கப் பாட்டில் வரிகளுக்கு இடையே நான்கு தடவை கைதட்டும் இடம் வரும். தொழிலாளிகள் கையிலிருக்கும் கருவியால் மிஷினைத் தட்டிவிடுகிறார்கள் என்று அந்தப் பாட்டையே தடுத்துவிட்டார்கள்! பெரியப்பாவும் சரிகைப் பூவுக்கு இழை எண்ணும் நேரத்தில் ரேடியோவை அணைக்கச் சொல்வார். டி.எம்.எஸ். பாட்டில் கணக்கு தப்பிவிடும், நாகசுரத்தில் தப்பாது என்பது அவருடைய விதி.

இலங்கையிடம் இழந்த நேயர்களைத் திரும்பப் பிடிக்க 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி வந்தது. சினிமாப் பாட்டு வீட்டுக்குத் திரும்பியது. அதற்கும் மேலே, பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தில் கொஞ்சம் நேயர்கள் கைக்கு வந்தது. நேயர் விருப்பம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாட்டுக்கு முன் இருபது பெயர்கள், இருபது ஊர்கள். வட இந்தியாவில் ஜும்ரி தலையா என்ற மைக்கா சுரங்க ஊர், பாட்டு கேட்டு அஞ்சலட்டை எழுதியே நாடு முழுவதும் பிரபலமானது. அந்த ஊர் நிஜமாகவே இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. என் பெயர் ஒரு தடவையும் வரவில்லை. ஆனால் யாரோ முகம் தெரியாத ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டதால்தான் பல நல்ல பாட்டுகள் எங்கள் தறிக்கு வந்தன.

அதற்குப் பின் கேசட், சிடி, எஃப்.எம். எல்லாம் உங்களுக்கே தெரியும். நடுவில் வேர்ல்டுஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி வந்ததைச் சிலர் மறந்திருக்கலாம். கர்நாடக சங்கீதத்துக்கென்றே 'ஸ்ருதி' என்று ஒரு அலைவரிசை, நாள் முழுக்க விளம்பரம் இல்லாமல் ஓடியது. நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன். தாய் நிறுவனம் திவாலாகி 2009 டிசம்பர் 31உடன் இந்தியாவில் நின்றது.

இப்போது கைபேசிக்கு வருவோம். 'உங்களுக்காக மட்டும்' ஒரு வானொலி என்ற யோசனை 2000ஆவது ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் தொடங்கியது. டிம் வெஸ்டர்கிரென் என்ற இசைக்கலைஞரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, இசை படித்தவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு பாட்டையும் கேட்க வைத்தார்கள். குரல் எப்படி, தாளம் எப்படி, என்ன வாத்தியம் என்று நூற்றுக்கணக்கான குணங்களுக்குக் குறிப்பு எழுத வைத்தார்கள். அதை வைத்து 2005இல் பண்டோரா வந்தது. உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சொன்னால் அதே குணமுள்ள வேறு பாட்டைத் தரும். உரிமைப் பிரச்சினையால் 2007இல் அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் நிறுத்திவிட்டார்கள், நமக்குக் கிடைக்கவில்லை. இதே காலத்தில் லண்டனிலிருந்து வந்த லாஸ்ட்.எஃப்எம் வேறு வழியில் போனது. அது பாட்டைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தது. நீங்கள் கேட்டதையே கேட்ட இன்னொருவர் கூடுதலாக என்ன கேட்டார் என்று பார்த்து அதை உங்களுக்குத் தந்தது.

வங்கி பாஷையில் சொன்னால், முதல் முறை கடன் கேட்டவரின் வீட்டை நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடுவது. இரண்டாவது, அவர் மாதிரியே உள்ள பத்துப் பேர் ஒழுங்காகக் கட்டினார்களா என்று பார்த்து முடிவு செய்வது. இன்று நாம் கேட்கும் செயலிகள் இரண்டையும் கலந்து செய்கின்றன. எதை முழுதாகக் கேட்டோம், எதைப் பாதியில் தள்ளினோம் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு. வரவு செலவு விடாமல் எழுதும் நல்ல லெட்ஜர்.

இதன் தயவால் இந்த இரண்டு வருடத்தில் நான் கேட்ட புதிய இசை, வங்கியில் இருந்த 38 வருடத்தில் கேட்டதைவிட அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிருந்தா சிறு வயதில் நம் நயினாப் பிள்ளையிடம் கற்றவர் என்பதே, அவர் குரல் இப்படித் தேடி வந்து, இவர் யார் என்று விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் லெட்ஜரில் தப்பும் ஏறும். பேரன் என் கைபேசியில் ஒரு வாரம் யானைப் பாட்டு கேட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒரு மாதம் செம்மங்குடிக்கு அடுத்து யானை வந்தது. கோராவை அன்று மூன்று முறை கேட்டேனா, அடுத்த பத்து நாளும் கோரா. பதினோராவது நாள் எனக்கே சலித்துவிட்டது.

அங்கேதான் எனக்குப் பெரியப்பாவின் ரேடியோவும் இதுவும் வேறு என்று உறைத்தது. இது என்னைச் சந்தோஷப்படுத்தவே பார்க்கிறது. எனக்கு எது பிடித்ததோ அதன் அக்கம்பக்கத்திலேயே சுற்றுகிறது. கேஸ்கருக்கு என்னைச் சந்தோஷப்படுத்தும் எண்ணமே கிடையாது. ஷெனாயை என் தலையில் கட்டினார். ஆறு நிமிடத்தில் தள்ளிவிடும் பட்டன் அன்று இருந்திருந்தால் நான் தள்ளியிருப்பேன், இன்று வரை பிஸ்மில்லா கான் யாரென்றே தெரிந்திருக்காது.

போன தை மாதம் உறவில் ஒரு கல்யாணச் சேலைக்காகப் பிள்ளையார்பாளையம் போனேன். தறி ஓடும் வீடுகள் குறைந்துவிட்டன. ஒரு வீட்டில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூன்று நாடா. தறியில் இருப்பவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாளும் ஒரே கணக்கில் கை மாற்ற வேண்டும். இரண்டு பேர் காதிலும் இயர்போன். கை மட்டும் பேசிக்கொண்டது. பெரியவர் என்னைப் பார்த்துக் காதிலிருந்து எடுத்தார்.

"ரேடியோ வைக்கிறது இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"அவனுக்கு என் பாட்டு பிடிக்காதுங்க. அவன் பாட்டு எனக்குத் தெரியாது" என்றார். சண்டை ஒன்றும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பையனுக்கு நாங்கள் பேசியது கேட்கவே இல்லை.

என் தார் சுற்றும் வயதில் எனக்கும் பெரியப்பாவின் பாட்டு பிடிக்காது. வேறு வழி இல்லாமல் கேட்டேன், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு வழி இருக்கிறது. அவனை எப்படிக் குறை சொல்வது? நம் லிஃப்டில் எதிரெதிரே நிற்கும் நாமும் அப்படித்தானே நிற்கிறோம். என் காதிலும்தான் இருக்கிறது.

நிர்வாகக் குழுவிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை 6 முதல் 7 வரை சமுதாயக் கூடத்தில் பாட்டு போடுவோம். காவலர் அறைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு பாட்டு, சீட்டில் பெயரும் பிளாக்கும் எழுதிப் போடவும். எந்த மொழியானாலும் சரி, எந்தக் காலத்துப் பாட்டானாலும் சரி. பெயரைச் சொல்லித்தான் பாட்டைப் போடுவேன், யாருக்காகவும் பாதியில் தள்ள மாட்டேன். இது எழுதும் வரை ஒன்பது சீட்டு வந்திருக்கிறது. அதில் பி பிளாக்கிலிருந்து வந்த ஒன்றில் பாட்டின் பெயர் தண்ணீர் பட்டு அழிந்திருக்கிறது. எழுதியவர் தயவுசெய்து மாலை வேளையில் வந்து சொல்லிவிட்டுப் போகவும்.